வாடகை வீட்டின் கரண்ட் பில்: குறை வீட்டில், தண்டம் குடியிருப்பவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கினால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்ற குறிப்புகள் பத்திரிகைகளில் வரிசையாக வருகின்றன. சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அவை பயன்படும். வாடகை வீட்டில் விளக்கை அணைத்துப் பார்த்தும், ஏ.சி.யை 26-ல் வைத்துப் பார்த்தும் பில் இறங்காத குடும்பங்கள் ஏராளம். காரணம், கூடுதல் யூனிட்டுகளை அவர்கள் செலவழிப்பதில்லை. வீடு செலவழிக்கிறது. ஓனர் கவனிக்காமல் விட்ட ஒயரிங், ஒழுகும் டேங்க், வெயிலை அப்படியே உள்ளே இறக்கும் மொட்டை மாடி, நான்கு போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். இவற்றின் செலவு முழுவதும் குடியிருப்பவர் தலையில்தான் விழுகிறது. எந்தக் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது, அதை யார் சரிசெய்து தர வேண்டும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் கணக்கு. 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம் போக, அடுத்த நூறுக்கு 2.35 என்ற சலுகை விலையில் 235 ரூபாய்தான் பில். நான்கு போர்ஷன் உள்ள ஒரு வீட்டில் ஒவ்வொரு போர்ஷனும் 200 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்தால் நால்வருக்கும் சேர்த்து 940 ரூபாய். அதே 800 யூனிட்டும் ஒரே இணைப்பில் ஓடினால்? அந்தச் சலுகை விலை கிடையாது; 101 முதல் 400 வரை 4.70 வீதம் 1,410 ரூபாய். அடுத்த நூறு 6.30 வீதம் 630; அதற்கடுத்த நூறு 8.40 வீதம் 840; கடைசி இருநூறு 9.45 வீதம் 1,890. மொத்தம் 4,770 ரூபாய். யாரும் ஒரு யூனிட் கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. மீட்டர் ஒன்றாக இருப்பதற்காக மட்டும் ஐந்து மடங்கு.

இதோடு நின்றாலாவது பரவாயில்லை. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வசூலிக்கும் வீடுகளில் அந்த 800 யூனிட்டுக்கு 8,000 ரூபாய் கைமாறுகிறது. வாரியத்துக்குக் கட்டியது போக 3,230 ரூபாய் ஓனரிடம் மிஞ்சுகிறது. மின்சாரத்தை வாங்கி விற்க 2003 மின்சாரச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி உரிமம் வேண்டும். எந்த வீட்டு உரிமையாளரிடமும் அது கிடையாது. வந்த பில்லைக் காட்டி அவரவர் யூனிட்டுக்கு ஏற்பப் பங்கிட்டு வாங்குவது வேறு. அதில் லாபம் வைப்பது வேறு. ஆகவே சப்-மீட்டர் வீட்டில் இருப்பவர்கள் சர்வீஸ் எண்ணை ஓனரிடம் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண் கையில் இருந்தால் எந்தத் தேதியில் எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய் என்பதை இணையத்திலேயே பார்த்துவிடலாம். எண்ணைத் தர மறுக்கும் ஓனரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இருமுறை யோசியுங்கள்.

தனி இணைப்புக் கேட்க ஓனருக்குத்தான் உரிமை உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அதே சட்டத்தின் 43-வது பிரிவு உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் என்று இருவரையும் சேர்த்தே சொல்கிறது. ஓனரின் சம்மதக் கடிதம் இருந்தால் வேலை எளிது. அவர் தர மறுத்தால், முறையாகக் குடியிருப்பதற்கான ஆதாரத்தையும் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் (இதனால் நஷ்டம் வந்தால் ஈடு செய்வேன் என்ற உறுதிமொழி) கொடுத்து, காப்புத்தொகையை இரட்டிப்பாகக் கட்டி விண்ணப்பிக்கத் தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பில் வழி இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே கதவு எண்ணில் இரண்டாவது இணைப்புத் தர, போர்ஷன்கள் நிரந்தரமாகச் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். நடுவில் பிளைவுட் தடுப்பு மட்டும் இருந்தால் கிடைக்காது.

இனி, தனி மீட்டர் இருந்தும் பில் எகிறும் வீடுகள். இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகச் சோதிக்க வேண்டும். சோதிக்கும் கருவி வீட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறது. இப்போதைய மின்னணு மீட்டர்களில் சிவப்பாகக் கண் சிமிட்டும் ஒரு சிறு விளக்கு உண்டு. எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3,200 என்பது பரவலாகக் காணப்படும் எண். அப்படியானால், பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் எண்ணிக்கொண்டு, 11,250-ஐ அந்த நொடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 25 நொடி என்றால் 450 வாட். உங்கள் மீட்டரில் 1,600 என்று இருந்தால் 11,250-க்குப் பதிலாக 22,500 என்று போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும்போது ஒரு தடவை, ஏ.சி. போட்டு ஒரு தடவை, மோட்டார் போட்டு ஒரு தடவை என்று தனித்தனியே அளந்தால் எந்தச் சாமான் எவ்வளவு தின்கிறது என்பதற்கு எலக்ட்ரீஷியன் தேவையில்லை.

அடுத்து, வீட்டிலுள்ள எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ், டி.வி., வைஃபை எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகியும் சிமிட்டல் இல்லையென்றால் ஸ்விட்ச் வரையுள்ள ஒயரிங்கில் கசிவு இல்லை. சிமிட்டினால், லைன்கள் பிரியும் டிபி பாக்ஸில் உள்ள எம்.சி.பி.க்களை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தானியங்கி ஸ்விட்ச்) ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கும்போது சிமிட்டல் நிற்கிறதோ அந்த லைனில்தான் கோளாறு. பெரும்பாலும் அது பாத்ரூம் லைனாகவோ மொட்டை மாடித் தளத்துக்குள் போகும் லைட் லைனாகவோ இருக்கும். தளத்தில் விரிசல் விட்டு மழைநீர் குழாய்க்குள் இறங்கும். ஒயரின் மேலுறை நைந்த இடத்தில் ஈரச் சுவர் வழியாகக் கரண்ட் எர்த்துக்குப் போகும். ஓதம் அடித்த சுவரைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது என்று சொன்னால் அந்த வீட்டில் இதுதான் நடக்கிறது. 100 மில்லி ஆம்பியர் கசிவு 23 வாட். கேட்கச் சின்னதாக இருக்கும். இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 33 யூனிட். பில்லைவிடப் பெரிய விஷயம் உயிர். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மெயினைத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. அங்கே இல்லை, அல்லது 'அடிக்கடி ட்ரிப் ஆகுது' என்று யாரோ அதை நேரடியாக இணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். குளியலறையில் கீசர் உள்ள எந்த வீட்டிலும் இதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, மெயின் ஸ்விட்ச் மட்டும் போட்ட நிலையில் மீட்டர் சிமிட்டுகிறதா? மீட்டரில் எர்த் என்று குறித்த விளக்கும் எரிகிறதா? அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது நியூட்ரல் கலப்பு, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர் பக்கத்துப் போர்ஷனுடையதோடு கலந்திருப்பது. பழைய வீட்டைப் போர்ஷன்களாகப் பிரிக்கும்போது கரண்ட் வரும் பேஸ் ஒயரை மட்டும் தனித்தனி மீட்டருக்குக் கொடுத்துவிட்டு நியூட்ரலை எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாக முறுக்கிவிடுவார்கள். பழைய சக்கர மீட்டர் காலத்தில் இதனால் பில்லில் வித்தியாசம் தெரியாது. மின்னணு மீட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டையும் அளந்து எது அதிகமோ அதைக் கணக்கில் ஏற்றுகிறது. மின் திருட்டைப் பிடிப்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். விளைவு, பக்கத்துப் போர்ஷன்காரரின் ஏ.சி. கரண்ட் உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பினால் அவருக்கும் பில் ஏறும், உங்களுக்கும் ஏறும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தும் யூனிட் ஓடியிருக்கிறது என்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி) மீட்டருக்குப் பின்னால் பேஸ், நியூட்ரல் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்து மாட்டினால், ஒழுங்கான வீட்டில் பூஜ்யம் காட்டும். ஒன்றரை, இரண்டு ஆம்பியர் காட்டினால் கலப்பு உறுதி. ஜங்ஷன் பாக்ஸைத் தேடிப் பிரித்துவிட்டால் முடிந்தது. இதற்கு வீடு முழுக்க ஒயரிங் மாற்ற வேண்டியதில்லை.

மெயின் ஸ்விட்சையே இறக்கியும் மீட்டர் சிமிட்டினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ லைன் எடுத்திருக்கிறார்கள். மாடிப்படி விளக்கு, கேட் விளக்கு, சிசிடிவி, சில வீடுகளில் தண்ணீர் மோட்டாரே அப்படித் தரைத்தளத்துக் குடித்தனத்தின் மீட்டரில் தொங்கும். மெயினுக்குப் பின்னாலிருந்தும் இப்படி லைன் எடுத்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, இரவில் உங்கள் மெயினை ஒரு நிமிடம் இறக்கிப் பாருங்கள். மாடிப்படி விளக்கு அணைந்தால் அந்தச் செலவு உங்களுடையது. பொதுப் பயன்பாட்டுக்குத் தனி இணைப்பு வாங்க ஓனர்கள் தயங்குவதற்கு அதன் கட்டணம் ஒரு காரணம். அங்கே முதல் யூனிட்டிலிருந்தே காசு. ஆனாலும் பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபரில் அரசு அந்தக் கட்டணத்தை 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தது.

மோட்டார் என்றதும் தண்ணீர். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஏறக்குறைய 1.1 கிலோவாட் இழுக்கும். டேங்க் ஒழுகுவதால் தினமும் இருபது நிமிடம் கூடுதலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 22 யூனிட். ஒழுக்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் குங்குமத்தைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் தண்ணீர் திறக்காமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. மிதவை வால்வு பழுதான டேங்கில் தண்ணீர் வழிகிற குழாய் வழியாக இரவெல்லாம் போகும். கிணறு அல்லது சம்ப்பிலிருந்து எடுக்கும் மோட்டாரில், குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு பிடிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றிக் கிளப்ப வேண்டும். முதல் சில நிமிடங்கள் வெறும் ஓட்டம். முப்பது வருட ஜி.ஐ. (இரும்பு) குழாயில் உப்புப் படிந்து வாய் குறுகியிருந்தால், முன்பு அரை மணியில் நிரம்பிய டேங்குக்கு இப்போது ஒரு மணி ஆகும்.

மேல்மாடி வீடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சுருக்கியும் தட்டோடும் இல்லாத வெறும் ஐந்து அங்குல கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி, மாலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் அதை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். குடும்பம் தூங்கும் நேரம்தான் அறை அதிகம் கொதிக்கும் நேரம். அங்கே ஃபேன் செய்வது சூட்டைக் கிளறிவிடுவது மட்டுமே. 2018-ல் வெளியான மத்திய அரசின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற கட்டட மின்சிக்கன விதித்தொகுப்பு, புதிய குடியிருப்புகளின் கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் அது 3-ஐத் தாண்டும். அந்த வீட்டில் எத்தனை ஸ்டார் ஏ.சி. வாங்கினாலும் கம்ப்ரசர் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் ஏ.சி.யைக் குறை சொல்லிப் பயனில்லை.

செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டோடு பதிப்பது நிரந்தரத் தீர்வு. அது ஓனரின் வேலை, செலவும் அதிகம். அதுவரை மார்ச் தொடங்குமுன் மாடியைத் தேய்த்துக் கழுவி, பாசியைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்தால் அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறையும். வெறும் சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு, ஆனால் மழைக்குக் கரையும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். ஈரம் காயாத தளத்தில் பூச்சு அடித்தால் ஒரே பருவத்தில் உரிந்துவிடும். இன்னொன்று, ஏ.சி. வைப்பதற்காக வென்டிலேட்டர்களைச் சிமென்ட் பூசி அடைத்த வீடுகளில் மேலே தேங்கும் சூடான காற்றுக்குப் போக வழியே இல்லை. திறந்துவிட்டுக் கொசுவலை அடித்தால் இரவில் ஜன்னல் காற்றே பாதி வேலையைச் செய்யும்.

ஓனர் மாட்டிக் கொடுத்திருக்கும் சாமான்களையும் வீடு பார்க்கும்போதே பார்த்துவிடுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். மூன்று ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 202 யூனிட். அதுவே குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 81. இந்த ஒரு மாற்றத்தில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு கீழே இறங்கிவிடக்கூடும். அந்த 500 முக்கியமான எல்லை. சரியாக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 510 ஆனால் 2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுகிறது, ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்கான சலுகை விலையும் போய்விடுகிறது. பி.எல்.டி.சி. ஃபேனைக் குடியிருப்பவர் தன் செலவில் வாங்கினாலும் நஷ்டமில்லை. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

15 லிட்டர் கீசர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். 2 கிலோவாட் கீசர் இருபது நிமிடத்துக்குள் தானாக நிற்க வேண்டும். அரை மணிக்கு மேலும் விளக்கு எரிந்தால் எலிமென்ட்டில் உப்புப் படிந்திருக்கிறது அல்லது தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை. ஒன்றரை டன் பழைய ஏ.சி.யில் கம்ப்ரசர் ஓடும்போது 1,600 முதல் 1,800 வாட் இழுக்கும். 26-ல் வைத்து, கதவடைத்து, ஒரு மணி நேரம் கழித்து மீட்டர் சிமிட்டலை எண்ணுங்கள். வேகம் குறையவே இல்லையென்றால் கேஸ் குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், அவுட்டோர் யூனிட் காற்றோட்டமில்லாத சந்தில் தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கலாம்.

பழைய மெல்லிய ஒயரால் பில் ஏறுகிறது என்று சொல்லி முழு ஒயரிங்குக்கும் மதிப்பீடு தருபவர்கள் உண்டு. அது முழு உண்மையல்ல. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 15 மீட்டர் தூரத்துக்கு ஏ.சி. ஓடினால் ஒயரில் வீணாவது இருபது வாட்டுக்குச் சற்று மேல்தான். அதை 4 சதுர மில்லிமீட்டராக மாற்றச் சொல்வது தீப்பிடிக்காமல் இருக்க. பழைய அலுமினிய ஒயர் என்றால் ஜாயின்ட்டுகள் கருகும். அதைக் கண்டிப்பாக மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்து தர வேண்டும்? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் (2017) இரண்டாம் அட்டவணையில் பிரித்தே சொல்லியிருக்கிறது. கட்டடப் பழுது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, உள் - வெளி மின் ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. ஸ்விட்ச், சாக்கெட், எம்.சி.பி., கீசர் ரிப்பேர், டாய்லெட் ரிப்பேர், குழாய் வாஷர் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே நியூட்ரல் கலப்புக்கும் தளக் கசிவுக்கும் ஓனரிடம் கேளுங்கள். ஃப்ளஷ் டேங்க் வாஷரை நீங்களே மாற்றிவிடுங்கள். கேட்பதை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் மீட்டர் படம், தேதி, எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த குறை மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். தன் பொறுப்பிலுள்ள பழுதை அவர் செய்து தர மறுத்தால், அதைச் செய்துகொண்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. தகராறு என்று வந்து ஓனர் ஃபியூஸைப் பிடுங்கினால், அது அத்தியாவசியச் சேவையை நிறுத்துவது. 20-வது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவும் ஆகியிருந்தால்தான் இவற்றுக்குப் பலம். வாய்ப்பேச்சில் குடியேறியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

மீட்டரே தவறாக ஓடுகிறது என்று சந்தேகம் இருந்தால் பிரிவு அலுவலகத்தில் கட்டணம் கட்டி மீட்டர் சோதனைக்கு மனுக் கொடுக்கலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ல் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின்சாரக் குறைதீர்ப்பாளர். மேலே சொன்ன ஸ்விட்ச் சோதனைகளை முடித்துவிட்டு இந்த வழியில் போங்கள். மீட்டரில் குறை இருப்பது அபூர்வம், ஒயரிங்கில் இருப்பது சகஜம்.

அரசிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போது அந்தப் போர்ஷனின் சர்வீஸ் எண், குடியேறும் நாளின் மீட்டர் ரீடிங், உரிமம் பெற்றவர் செய்த ஒயரிங் சோதனை முடிவு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கர் என்ற சோதனைக் கருவியில் ஒயரிங் காப்பு (கரண்ட் கசியாமல் தடுக்கும் திறன்) ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. பட்டனை அழுத்தினால் மெயின் விழுகிறதா, பேஸும் நியூட்ரலும் சேர்ந்து பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு போர்ஷனுக்கு அரை மணி நேரம் போதும். சோதனைச் செலவை உரிமையாளர் ஏற்க வேண்டும். முடிவின் நகல் குடியேறுபவர் கையில் சாவியோடு சேர்ந்து வர வேண்டும்.

இங்ஙனம்,
மின்கம்பிப் பணியாளர்கள் சிலர்,
வடசென்னை.